"எல்லாம் தெரிந்த பையன்" என்ற பட்டம் வேண்டாமே!

மாதத்திற்கு இரண்டு மூன்று முறையாவது எனக்கு இப்படி ஒரு போன் வரும். ஊரிலிருந்து சித்தப்பாவோ, அப்பாவின் நண்பரோ, எதிர் வீட்டு அக்காவோ பேசுவார்கள். "தம்பி, வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போறோம். எது வாங்கலாம்?" நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. ராம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவு என்றெல்லாம் சொல்லிவிட்டு, "வாங்கினதும் முதல்ல நீங்க உட்கார்ந்து பழகுங்க" என்பேன். உடனே பதில் வரும். "எங்களுக்கு எதுக்குப்பா? எல்லாம் பையன் பாத்துக்குவான். எட்டாங் கிளாஸ்தான் படிக்கிறான். ஆனா அவனுக்குத் தெரியாததே இல்ல."

இதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு பெருமை இருக்கும். எனக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கும். ஏனென்றால் 2011ல் எங்கள் வீட்டில் அந்த "எல்லாம் தெரிந்த பையன்" நான்தான்.

பிள்ளைகள் "எனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்வதில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. அந்த வயதில் எல்லாரும் சொல்வதுதான். பெற்றோர் அதை நம்பிவிடுகிறார்களே, அங்குதான் ஆபத்து தொடங்குகிறது. இது என் சொந்த அனுபவம்.

அப்பாவின் கடன் கணக்கு

திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கடனுக்குச் சரக்கு வாங்குபவர்கள்தான் அதிகம். கையில் காசு வரும்போது கொடுப்பார்கள். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது நீளமான கணக்கு நோட்டில் இருக்கும்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அப்பா வாங்கினார். விண்டோஸ் எக்ஸ்பி, 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதில் சி, டி என்று இரண்டு டிரைவ்கள். ஒரே மாதத்தில் நான் தெருவுக்கே கம்ப்யூட்டர் எஞ்சினியர் ஆகிவிட்டேன். யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "கம்ப்யூட்டர்ல இவன் புலி" என்று அப்பாவே கடையில் வருபவர்களிடம் சொல்வார்.

அப்பாவின் கணக்கை எக்செல்லில் ஏற்றிக் கொடுத்தேன். கடை அடைத்துவிட்டு வந்து, ஒரே விரலால் தட்டித் தட்டி அன்றன்றைய கணக்கை அவரே ஏற்றுவார். பிறகு அதையே நோட்டிலும் எழுதுவார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

"ஒரே கணக்கை யாராவது ரெண்டு தடவை எழுதுவாங்களாப்பா?"

"ரெண்டு இடத்துல இருக்கட்டும் தம்பி. என்ன இருந்தாலும் மெஷின்தானே."

"போங்கப்பா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கம்ப்யூட்டர்ல ஏத்துனது எங்கேயும் போகாது."

இப்படிச் சில வாரங்கள் கேலி செய்தேன். ஒருநாள் அவர் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டார். பையனுக்குத் தெரியும் என்று நம்பிவிட்டார்.

ஏழு மாதம் கழித்து நண்பன் ஒருவனின் பென் டிரைவிலிருந்து வைரஸ் வந்தது. போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறின. எங்கள் தெருவில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, பார்மட். சி டிரைவில் விண்டோஸ் இருக்கிறது, அதைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். டி டிரைவில் என்னுடைய பாட்டும் படமும்தானே இருக்கிறது என்று அதை பார்மட் செய்தேன். "விண்டோஸ் கெட்டுப்போனா சி டிரைவ்ல இருக்கறதும் போயிடும். உங்க பைலை டி டிரைவ்ல வைங்க" என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

பார்மட் முடிந்த கையோடு, டிவிடிகளிலிருந்து கேம்களையும் படங்களையும் டி டிரைவ் நிறைய காப்பி செய்தேன். இரவு அப்பா பைலைத் தேடினார். காணவில்லை. எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஊரே புலி என்று சொல்லும் பையன், "தப்புப் பண்ணிட்டேன்" என்று எப்படிச் சொல்வான்? "வைரஸ் அழிச்சிடுச்சுப்பா. நான் எடுத்துத் தர்றேன்" என்றேன். அடுத்த நான்கு நாட்கள், பைலை மீட்கும் சாப்ட்வேர் என்று கையில் கிடைத்ததை எல்லாம் அதே டி டிரைவில் இன்ஸ்டால் செய்து பார்த்தேன்.

ஐந்தாம் நாள் அப்பா கம்ப்யூட்டரை டவுனில் உள்ள சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பார்மட் பண்ணதுக்கு அப்புறம் இதுல என்னெல்லாம் ஏத்துனீங்க?"

நான்கு நாள் மௌனத்தின் விலை

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. ஹார்ட் டிஸ்க்கை குயிக் பார்மட் செய்தால் உள்ளே இருக்கும் தகவல் உடனே அழிந்துவிடாது. ஒரு புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துப் போட்டதுபோலத்தான். பக்கங்கள் அப்படியே இருக்கும். ஆனால் "இந்த இடம் காலி" என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். புதிதாக எதையாவது ஏற்றினால் பழைய பக்கங்களின் மேலேயே எழுதிவிடும். நான் அதைத்தான் நான்கு நாட்களாகச் செய்துகொண்டிருந்தேன். மீட்பதற்காக நான் இன்ஸ்டால் செய்த சாப்ட்வேர்களும் சேர்ந்து அழித்துக்கொண்டிருந்தன. முதல் நாளே கம்ப்யூட்டரை ஆப் செய்து எடுத்து வந்திருந்தால் பைல் கிடைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்றார் கடைக்காரர். பைலின் பெயர் கிடைத்தது. பைல் திறக்கவில்லை.

அப்பா புது நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "கணக்கு அழிஞ்சு போச்சு. உங்க பாக்கி எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க." பெரும்பாலோர் நேர்மையாகச் சொன்னார்கள். சிலர் குறைத்துச் சொன்னார்கள். "போன மாசமே கட்டிட்டோமே" என்றவர்களும் உண்டு. அப்பா யாரிடமும் வாதாடவில்லை. சொன்னதை எழுதிக்கொண்டார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாத அப்பா, "ரெண்டு இடத்துல இருக்கட்டும்" என்றார். அதற்குத்தான் எங்கள் தொழிலில் பேக்கப் என்று பெயர். முக்கியமான தகவலுக்கு 3 பிரதிகள், 2 வகையான சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது இன்றும் நாங்கள் பின்பற்றும் விதி. கடைக் கல்லாவில் உட்கார்ந்து அவர் கற்ற பாடம் சரியாகவே இருந்தது. ஆனால் மவுஸ் பிடிக்க வராது என்பதற்காக, தன் அனுபவமும் இங்கே செல்லாது என்று அவர் நினைத்துவிட்டார். இன்றைய பெற்றோர் பலரும் செய்யும் தவறு இதுதான்.

விரலின் வேகம் அறிவு ஆகாது

பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கம்ப்யூட்டரை இயக்குகிறார்கள் என்பது உண்மை. அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் இயக்குவது வேறு, புரிந்துகொள்வது வேறு. பல நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் 2018ல் ஐசிஐஎல்எஸ் என்ற சர்வதேச ஆய்வு நடந்தது. இந்தியா அதில் பங்கேற்கவில்லை. கருவிகளோடு வளர்வதால் மட்டும் அவற்றைச் சரியாகப் பயன்படுத்தும் திறமை வந்துவிடுவதில்லை என்று அதில் தெரிந்தது. இணையத்தில் கிடைத்த தகவலை எடைபோட்டுப் பார்க்கும் உச்ச நிலையை எட்டியவர்கள் வெறும் 2 சதவீதம். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 2016ல் வெளியிட்ட ஆய்வில், நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விளம்பரக் கட்டுரையை உண்மையான செய்தி என்றே நம்பினார்கள்.

இப்போது இன்னொரு "எல்லாம் தெரிந்தவர்" வீட்டுக்குள் வந்திருக்கிறார். செயற்கை நுண்ணறிவு சாட்பாட். எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்கிறது. தவறான பதிலையும் அதே தெளிவோடு சொல்கிறது. "அதுவே சொல்லிடுச்சு" என்று பிள்ளை சொன்னால், விவாதம் முடிந்துவிட்டது என்று நீங்கள் எழுந்து போய்விடாதீர்கள்.

எங்கள் ஆபீஸ் வழக்கம்

நான் எழுதும் புரோகிராமை இன்னொருவர் படித்துப் பார்த்து, கேள்வி கேட்டு, ஒப்புதல் தந்த பிறகுதான் அது பயன்பாட்டுக்குப் போகும். பதினைந்து வருட அனுபவம் உள்ளவருக்கும் இதே விதிதான். இதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. ஏதாவது கெட்டுப்போனால் முதலில் "யார் செய்தது?" என்று கேட்க மாட்டோம். "கடைசியாக என்ன செய்தோம்?" என்றுதான் கேட்போம். முதல் கேள்விக்கு எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வரும்.

இந்த இரண்டு வழக்கங்களையும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். அதற்கு உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை எதையாவது புதிதாகச் செய்யும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. இது எங்கே போய்ச் சேர்கிறது? (எந்த டிரைவ், எந்த போல்டர், அல்லது இணையத்தில் எந்தக் கணக்கு?)

2. தப்பாகிவிட்டால் எப்படித் திரும்பக் கொண்டுவருவாய்?

3. இது சரி என்று உனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது?

பதில் உங்களுக்குப் புரியாமல் போகலாம். பரவாயில்லை. பதில் சொல்ல முடியாமல் பிள்ளை தடுமாறும் இடம் உங்களுக்கே தெரிந்துவிடும். அப்போது "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று ஜெயித்த மாதிரிப் பேசாதீர்கள். "சரி, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

இதையெல்லாம் வாயால் சொன்னால் மட்டும் போதாது. கம்ப்யூட்டரிலும் சில ஏற்பாடுகள் வேண்டும். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் பகுதிக்குப் போய்ப் பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள். அது ஸ்டாண்டர்டு யூசர் கணக்காக இருக்கட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் முழுமைக்கும் எதையாவது இன்ஸ்டால் செய்ய வேண்டுமானால் அந்த பாஸ்வேர்டு கேட்கும். நீங்கள் அந்த மூன்று கேள்விகளைக் கேட்க அதுவே நல்ல நேரம்.

முக்கியமான போட்டோக்களையும் ஆவணங்களையும் தனியாக ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, கழற்றிப் பீரோவில் வையுங்கள். இன்றைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் எஸ்எஸ்டி இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போல அல்லாமல், அழித்த இடத்தை அது சீக்கிரமே உண்மையாகத் துடைத்துவிடும். எங்கள் சர்வீஸ் கடைக்காரருக்குக் கிடைத்த அளவு வாய்ப்புகூட இப்போது கிடைப்பது கடினம்.

வங்கி பாஸ்வேர்டு, ஓடிபி, யுபிஐ பின் எதையும் "அவனே போட்டுக்குவான்" என்று பிள்ளையிடம் விடாதீர்கள். பண மோசடி நடந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இங்கும் நேரம்தான் முக்கியம். பயந்துகொண்டு இரண்டு நாள் மறைத்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், அந்தப் பட்டத்தைக் கொடுக்காதீர்கள். "நல்லா கத்துக்கிறான்" என்று பாராட்டுங்கள். "எல்லாம் தெரிஞ்சவன்" என்று பாராட்டாதீர்கள். கற்றுக்கொள்கிறவன் தவறு செய்தால் வந்து சொல்வான். எல்லாம் தெரிந்தவனால் அது முடியாது. என்னால் முடியவில்லை.

சென்ற மாதம் அப்பா போனில் ஏதோ ஒரு செட்டிங் பற்றிக் கேட்டார். "எனக்கும் தெரியலப்பா. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"பரவாயில்லையே, உருப்படியாத்தான் படிச்சிருக்க" என்று சிரித்தார்.