சேலத்துப் பெண்களுக்கு இல்லாத படிக்கட்டு

ஆடவர், மகளிர் தேசிய அணிகளுக்கு ஒரே ஆட்டக் கட்டணம், அதாவது களமிறங்கும் ஒவ்வொரு சர்வதேச ஆட்டத்துக்கும் ஒரே தொகை, வழங்கப்படும் என்று இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் 2022 அக்டோபரில் அறிவித்து, டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம் ரூபாய் என நிர்ணயித்தது. முடிவு பாராட்டுக்குரியது, எனினும் ஆடுவதற்கு ஆட்டங்கள் இல்லாத இடத்தில் கட்டணச் சமத்துவம் ஏட்டளவில் நின்றுவிடுகிறது. 2024ஆம் ஆண்டில் ஆடவர் அணி 15 டெஸ்டுகள் ஆட, மகளிர் அணிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நடந்த அந்த ஒரு டெஸ்டில்தான் ஷஃபாலி வர்மா 205 ரன்கள் குவித்தார். மகளிர் டெஸ்ட் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் எட்டாத 603 ரன்களையும் இந்தியா எட்டியது.

ஆடினாலும் ஆடாவிட்டாலும் கிடைக்கும் ஆண்டு ஒப்பந்தத் தொகையில் வேறுபாடு இன்னும் அப்பட்டமானது. 2024-25ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஆடவரின் கடைசிப் பிரிவுக்கு ஒரு கோடி ரூபாய். மகளிரின் முதல் பிரிவுக்கு 50 லட்சம். நாட்டின் தலைசிறந்த வீராங்கனை, ஒப்பந்தப் பட்டியலின் கடைசி வரிசையில் நிற்கும் வீரர் பெறுவதில் பாதியைப் பெறுகிறார் என்பதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

ஆனால் இந்த இடைவெளி தேசிய அணியில் தொடங்குவதில்லை; சேலம், நாமக்கல் போன்ற மாவட்டங்களிலேயே தொடங்கிவிடுகிறது. சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடத் தொடங்கிய வேகப்பந்து வீச்சாளர் நடராஜன், சென்னை லீக் ஆட்டங்களுக்குச் சென்று, 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்காகப் பந்துவீசி, அடுத்த ஆண்டே ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். 2025ஆம் ஆண்டுத் தொடருக்காக டெல்லி அணி அவருக்கு 10.75 கோடி தந்தது. அவருடைய உழைப்புக்கும் திறமைக்கும் உரிய தொகைதான் அது. அதே ஆண்டில் மகளிர் பிரீமியர் லீக்கின் ஓர் அணி, தன் வீராங்கனைகள் அனைவருக்குமாகச் செலவிட அனுமதிக்கப்பட்டது 15 கோடி. இந்த வேறுபாட்டைவிடக் கவலை தருவது, நடராஜன் ஏறிய படிக்கட்டில் நடுப்படி பெண்களுக்கு இல்லை என்பதே: 2025 வரை ஒன்பது பருவங்கள் நடந்துமுடிந்த தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் சேலத்தின் பெயர் தாங்கிய ஸ்பார்ட்டன்ஸ் உட்பட எந்த அணிக்கும் மகளிர் பிரிவு இல்லை. ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ வேகப்பந்து வீசும் ஒரு சிறுமி, தேர்வாளர்களின் கண்ணிலும் தொலைக்காட்சியிலும் படுவதற்கு வழி எது?

வருவாய் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் ஊதியமும் செல்லும் என்பது எதிர்வாதம். 2023-27 காலத்துக்கு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கும், மகளிர் லீக்கின் உரிமை 951 கோடிக்கும் விற்கப்பட்டன என்பது உண்மைதான். ஆயினும் ஐபிஎல் 2008இல் தொடங்க, மகளிர் லீக் பதினைந்து ஆண்டுகள் கழித்தே தொடங்கியது. மகளிர் கிரிக்கெட்டை வாரியம் தன் பொறுப்பில் ஏற்றதே 2006இல்தான். கடை திறக்காமலே வாடிக்கையாளர் வரவில்லை என்று கணக்குக் காட்டுவது முறையாகாது. தொடர் தொடங்கிய முதல் ஆண்டே ஐந்து மகளிர் அணிகளின் உரிமை 4,670 கோடி ரூபாய் அளவுக்கு விலைபோனது; 2025 நவம்பரில் நவி மும்பையில் உலகக் கோப்பையை வென்று, தங்கள் ஆட்டத்தைக் காண நாடே திரளும் என்பதையும் வீராங்கனைகள் காட்டிவிட்டனர்.

2024இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடங்கிய தொடரில் ஒவ்வோர் அணி உரிமையாளரும் ஆடவர், மகளிர் என இரண்டு அணிகளையும் நடத்தினார். அதே நிபந்தனையைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமும் தன் அணி உரிமையாளர்களுக்கு விதிக்க வேண்டும். சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி மைதானத்தில் ஆடவர் ஆட்டங்கள் நடக்கும் அதே நாட்களில் மகளிர் ஆட்டங்களையும் நடத்தி, இரண்டையும் ஒளிபரப்பி, மகளிருக்கான ஏலத் தொகைக்குக் குறைந்தபட்ச வரம்பையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.