மழலைக் கையில் பென்சில் ஏன்?

ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்ததும், மூன்று வயது நிரம்பிய சில மாதங்களிலேயே எல்.கே.ஜி. வகுப்பில் உட்கார வைக்கப்படும் குழந்தைகள், ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதி வரவேண்டுமென்ற வீட்டுப்பாடத்தோடு மாலையில் திரும்பி வருவதும், எழுத மறுத்த குழந்தை மந்தமென்று பெயர் வாங்குவதும் நம் ஊர்களில் சகஜமாகிவிட்டன. ஐந்து வயது நிரம்பும்வரை பென்சிலும் வீட்டுப்பாடமும் அறவே கூடா என்பது நமது திடமான அபிப்பிராயம்.

மணிக்கட்டில் இருக்கவேண்டிய எட்டுச் சிறு எலும்புகளில் பெரும்பாலானவை அந்தப் பிராயத்தில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அந்தக் கைக்கு உகந்தவை ஈரமணலும் களிமண்ணும் தண்ணீருமே. ஒரு சொம்பு நிறைய எத்தனை தம்ளர் தண்ணீர் வேண்டுமென்று ஊற்றி ஊற்றிப் பார்க்கிற குழந்தை அளவை என்பதன் ஆதாரத்தையே கற்றுக்கொள்கிறது; கண்ணை மூடிக்கொண்டு பட்டுத் துணியையும் சாக்கையும் தடவிப் பேதம் சொல்லும்போதும், ஓமத்தையும் கொத்தமல்லியையும் முகர்ந்து பெயர் சொல்லும்போதும், கவனம், ஞாபகம், மொழி ஆகிய மூன்றும் ஒருங்கே வளர்கின்றன. மண்ணைப் பிசைந்து வலுவடைந்த விரல்களே பின்னர் பென்சிலைச் சிரமமின்றிப் பிடிக்கும்.

இப்படி விட்டால் படிப்பில் பின்தங்கிவிடுமே என்று அஞ்சும் பெற்றோரின் கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் 1907-இல் ரோமாபுரியின் ஸான் லொரென்ஸோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி அம்மையார் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களை விரலால் தடவிப் பழகிய நான்கு வயதுக் குழந்தைகள், யாருடைய நிர்ப்பந்தமும் இன்றித் தாமாகவே எழுதத் தொடங்கினார்கள். அவ்வம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கே வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அதற்கும் வெகு காலம் முன்பு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட ஆண்ட்ரூ பெல் பாதிரியார், அந்த வழக்கத்தைச் சென்னை அநாதைப் பிள்ளைகளின் பள்ளியில் புகுத்தி, பிற்பாடு இங்கிலாந்துக்கும் கொண்டு சென்றார். நம்மிடமிருந்து அந்நியர் கற்றுச்சென்ற நல்ல முறையை, நோட்டுப் புத்தகத்தின்மேல் கொண்ட மோகத்தால் நாமே கைவிட்டது பெரும் துர்பாக்கியம்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பருவத்துக்கு விளையாட்டு வழிக் கல்வியையே விதித்திருக்கிறது. ஏட்டில் உள்ள அந்த வாசகம் வகுப்பறைக்கு வரவேண்டுமானால், மழலையர் பள்ளிகளில் எழுத்து வேலையும் வீட்டுப்பாடமும் கொடுப்பதை அரசாங்கம் தடைசெய்து, அங்கீகாரம் புதுப்பிக்கும்போது அதைச் சோதித்தறிய வேண்டும். அங்கன்வாடிகளுக்கு மணல் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் தருவதோடு, சத்துணவுக் கணக்கும் எடை பார்த்தலும் பதிவேடுகளுமாக ஓய்வின்றி உழைக்கும் பணியாளர்களுக்குக் குழந்தைகளோடு உட்கார்ந்து விளையாட அவகாசமும் தரவேண்டும்.

பெற்றோர்களையும் வேண்டிக்கொள்கிறோம்: பிள்ளையைச் சேர்க்கப் போகும் பள்ளியில், எத்தனை நோட்டுப் புத்தகங்கள் என்று விசாரிக்குமுன், குழந்தைகள் மண்ணில் விளையாடும் இடம் எது என்று கேளுங்கள், அப்படி ஓர் இடம் இல்லையென்றால் வேறு பள்ளியைத் தேடுங்கள்.