பொங்கலுக்கு வெட்டும் வேலி

மார்கழி கடைசியில் களம்பூர்ப் பக்கம் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வெள்ளையடிக்க ஆள் வருவதற்குள் கொல்லையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வீட்டுக்கு வீடு அவசரம். கூலிக்கு ஒருவர் அரிவாளோடு வருவார். ஆளுயரம் நின்ற வேலியை அரை நாளில் முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். வெட்டிய தண்டெல்லாம் பின்பக்கக் கால்வாய் ஓரத்தில் போய் விழும். வீடு பளிச்! சித்திரை பிறப்பதற்குள் வேலி பழையபடி வளர்ந்து நிற்கும். கால்வாய் ஓரத்திலோ புதிதாக இன்னொரு வேலி முளைத்திருக்கும்.

அந்தச் செடிதான் நெய்வேலி காட்டாமணக்கு. பெயரில் ஆமணக்கு இருக்கிறதே தவிர ஆமணக்குக்கும் இதற்கும் உறவு கிடையாது. இது சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வள்ளைக்கீரை இவற்றின் குடும்பம். பூவைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதே புனல் வடிவம், வெளிர் ஊதா நிறம். தாவரவியலில் ஐப்போமியா கார்னியா என்பார்கள். சொந்த ஊர் வெப்பமண்டல அமெரிக்கா.

நட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. முள்கம்பி வாங்கக் காசு வேண்டும், மதில் எழுப்ப அதைவிட அதிகம் வேண்டும். இதற்கோ பக்கத்து வீட்டில் நாலு குச்சி கேட்டு வாங்கி ஊன்றினால் போதும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடும் கடிக்காது. ஏழை வீட்டுக்கு இதைவிட மலிவான வேலி ஏது?

ஊன்றிய குச்சி வேலியாகிறது என்றால், வெட்டி எறிந்த குச்சியும் வேலியாகும். கணு ஈரமண்ணில் பட்டால் போதும், வேர் விட்டுவிடும். தண்டு உள்ளே கூடாக இருப்பதால் தண்ணீரில் மிதந்தும் போகும். மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்றாலும் அழுகாது. இப்போது பொங்கல் சமயத்தை யோசித்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் முடிந்திருக்கிறது. கால்வாயில் ஈரம், ஏரியில் தண்ணீர். வருடத்தில் இந்தச் செடிக்கு மிகவும் சாதகமான மாதம் அதுதான். அந்த மாதமாகப் பார்த்து அதைத் துண்டு துண்டாக நறுக்கிக் கால்வாயில் போடுகிறார்கள். அழிப்பதாக நினைத்துக்கொண்டு வருடா வருடம் நடவு செய்கிறார்கள் என்பதுதான் உண்மை.

ஏரிக்குப் போனால் என்ன என்று கேட்கலாம். களம்பூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அரிசிதான் நினைவுக்கு வரும். இந்த வட்டாரத்தில் நெல்லுக்குத் தண்ணீர் கொடுப்பது ஏரியும் ஏரியை நம்பிய கிணறுகளும்தான். வரத்துக்கால்வாயில் புதர் மண்டினால் தண்ணீர் ஓடாது, மண் படியும். படிந்த மண்ணில் மேலும் புதர். ஏரிக்கரை ஓரம் முழுக்க ஊதாப் பூ பூத்திருப்பதைப் படம் எடுத்து மகிழ்கிறவர்களும் உண்டு (பூ அழகுதான், அதில் சந்தேகமில்லை).

"ஆடு கடிக்காது" என்பதும் பாதி உண்மைதான். வேறு பச்சை கிடைக்காத கோடையில் ஆடு இதையும் கடிக்கும். இலையில் ஸ்வைன்சோனைன் என்ற நச்சு இருக்கிறது. தொடர்ந்து தின்ற ஆடு மெலியும், தலை ஆடும், நடை தள்ளாடும். பிரேசிலில் ஆடுகள் இப்படிப் பாதிக்கப்பட்டதைக் கால்நடை ஆராய்ச்சியாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ருசி கண்ட ஆடு இதையே தேடிப் போகுமாம்.

சீமைக்கருவேலத்துக்கு இருக்கும் கெட்ட பெயர் இதற்கு இல்லை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டதும் ஊரெங்கும் பொக்லைன் ஓடியது. 2022-ல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் எந்த நீதிமன்றமும் பொக்லைனை வீட்டுக் கொல்லைக்குள் அனுப்பப் போவதில்லை. ஏரியில் எத்தனை முறை எடுத்தாலும் கொல்லையிலிருந்து விதைக்குச்சி வந்துகொண்டே இருக்கும்.

"என் வீட்டு வேலி, என் இஷ்டம்" என்ற பேச்சு இங்கே செல்லாது. இந்த வேலிதான் வீட்டை விட்டு வெளியே நடக்கிறதே!

அப்படியானால் எப்போது எடுப்பது? ஆவணியில் எடுக்கலாம். அவ்வப்போது பெய்யும் மழையில் மண் நெகிழ்ந்திருக்கும், ஏரி இன்னும் நிரம்பியிருக்காது. மேல் தண்டை வெட்டிவிட்டு, கைப்பிடி மாதிரி ஒரு கட்டையை விட்டு, சுற்றிலும் மண்வெட்டியால் கிளறிக் கடப்பாரையால் நெம்பினால் தூர் வேரோடு வரும். தரையில் சாய்ந்த கிளைகள் தனியாக வேர் விட்டிருக்கும், அவற்றை விட்டுவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். எடுத்ததை மண்ணில் போடக் கூடாது. கல்தரையிலோ மொட்டைமாடியிலோ பரப்பி, ஒடித்தால் படக்கென்று ஒடியும்வரை காயவிட வேண்டும். காய்ந்தால் அடுப்புக்கு ஆகும். இலையைத் தனியே பறித்தால் இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் பூச்சிவிரட்டிக் கரைசலுக்கு வாங்கிக்கொள்வார்கள். பிறகு மூன்று நான்கு மாதம் துளிர் வருகிறதா என்று பார்த்துப் பிடுங்க வேண்டும்.

களைக்கொல்லி அடித்தால் சுலபம் என்று கடைக்காரர் சொல்லலாம். கிணற்றுக்குப் பத்தடி தள்ளி அதை அடிக்கத் துணிபவர்களை என்ன சொல்வது? கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் தவிர மற்றவர் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசே அறிவிக்கை வெளியிட்டது.

காலியான இடத்தை அப்படியே விடவும் முடியாது. நொச்சி வைக்கலாம், ஆடாதொடை வைக்கலாம். இரண்டும் குச்சி ஊன்றினால் வருபவை, ஆடு சீண்டாதவை. வளர்வது மெதுவாகத்தான் இருக்கும். முதல் வருடம் கொல்லை கொஞ்சம் திறந்துதான் கிடக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். கால்வாயின் மேல்பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி பொங்கலுக்கு வெட்டிப் போட்டால் கீழ்ப்பக்கத்து வீட்டுக்காரர் எடுத்ததில் பயனில்லை. தெரு முழுக்க ஒரே வாரத்தில் எடுத்தாக வேண்டும். ஆரணி வட்டார நெசவாளர் தெருக்களுக்கு இது புதிதல்ல. தெருவில் பாவு நீட்டும்போது, யார் வீட்டுப் பாவு என்று பார்க்காமல் அக்கம்பக்கத்தார் வந்து ஒரு கை பிடித்த தெருக்கள் அவை.