கல் நடுவதற்கு முன்னே ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

கரும்பு வெட்டும் காலத்தில் நெல்லிக்குப்பம் ரோட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வால் பிடித்த மாதிரி ஊர்ந்து போகும். நடுவில் கடலூர் பஸ், பண்ருட்டி பஸ். அதற்கு நடுவில் ஒரு ஆம்புலன்சு மாட்டினால் நோயாளி கதி அதோகதி!

"இதுக்கு ஒரு பைபாஸ் ரோடு போட்டா என்னய்யா?" என்று கேட்காத ஆள் இல்லை.

அதே ஆளுடைய நாலு ஏக்கர் கரும்புக் கொல்லையில் ஒருநாள் காலையில் சர்வே கல் முளைத்தால் என்ன சொல்வார்? "என் வயித்துல அடிக்காதீங்க" என்பார்.

இரண்டு பேச்சும் நியாயம்தான். ரோடும் வேண்டும், வயலும் வேண்டும். எது எங்கே போவது என்பதை முடிவு கட்டும் முன்பு, நிலத்துக்காரனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தகராறு முழுக்க இந்த ஒரு இடத்தில்தான்.

கேட்பதற்குச் சட்டத்தில் வழி இல்லையா? இருக்கிறது. 2006-ம் ஆண்டு மத்திய அரசு போட்ட சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, அனுமதி தேவைப்படும் பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்கூட்டியே பத்திரிகையில் விளம்பரம் வரவேண்டும். கலெக்டரோ, அவர் அனுப்பும் பெரிய அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும். கோமணம் கட்டிய விவசாயியும் எழுந்து நின்று பேசலாம். பேசியதை எழுதிக்கொண்டு, அங்கேயே தமிழில் படித்துக் காட்ட வேண்டும்.

நல்ல ஏற்பாடு. ஆனால் பைபாஸ் ரோடுகள் பலவற்றுக்கு இந்தக் கூட்டமே கிடையாது!

100 கிலோ மீட்டர் கணக்கு

2013-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந்தேதி ஒரு திருத்தம் வந்தது. ஏற்கனவே இருக்கும் தேசிய நெடுஞ்சாலையை விரிவாக்கினால், நீளம் 100 கிலோ மீட்டருக்கு மேல் இருந்தால்தான் அனுமதி தேவை. அதோடு, புதிதாக எடுக்கும் நிலத்தின் அகலம் பழைய பாதையில் 40 மீட்டரையும், பைபாஸ் போகும் இடத்தில் 60 மீட்டரையும் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் அனுமதியும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம்.

60 மீட்டர் என்றால் சுமார் 200 அடி. ஒரு சிறு விவசாயியின் மொத்தக் கொல்லையே அவ்வளவுதான் இருக்கும். சட்டத்துக்கு அது சின்ன அகலம். அவனுக்கு அது முழு வாழ்க்கை.

இந்தக் கணக்கு கடலூர் மாவட்டத்திலேயே கோர்ட்டு வரைக்கும் போனது. விழுப்புரத்தில் இருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் ரோட்டை நாலு வழிச்சாலை ஆக்கும் திட்டம் அது. மொத்த நீளம் சுமார் 180 கிலோ மீட்டர். அதை நாலு துண்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டும் 100-க்குக் கீழே!

"அனுமதி வாங்காம தப்பிக்கத்தான் துண்டு போடுறாங்க" என்று வழக்கு போட்டார்கள். சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு சொன்னது. நெடுஞ்சாலை ஆணையம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

2021-ம் ஆண்டு ஜனவரி 19-ந்தேதி தீர்ப்பு வந்தது. ஐகோர்ட்டு உத்தரவு ரத்து. நிலத்தின் அகலம் 40, 60 மீட்டருக்குள் இருப்பதால் அனுமதி தேவை இல்லை என்றார்கள். ஆனால் அந்த அளவை மீறக்கூடாது, வெட்டும் மரத்துக்கு ஈடாக மரம் வளர்க்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்கள். அனுமதியில் இருந்து தப்பிக்கும் தந்திரமாகத் துண்டு போடக்கூடாது என்ற சுப்ரீம் கோர்ட்டு, துண்டு போடுவது சரியா என்று ஆராய நிபுணர் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கும் சொன்னது.

ரோடு வந்துவிட்டது. விழுப்புரம் – புதுச்சேரி 29 கிலோ மீட்டரும், பூண்டியாங்குப்பம் – சட்டநாதபுரம் 57 கிலோ மீட்டரும் 2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந்தேதி ராமேசுவரம் விழாவில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. பயணம் சுகம். மறுப்பதற்கு இல்லை.

தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

ஆனால் கடலூர் மாவட்டம் வெள்ளத்தின் வாசற்படி. நெல்லிக்குப்பத்துக்குத் தெற்கே கெடிலம், வடக்கே தென்பெண்ணை. மேற்கே பெய்யும் மழை எல்லாம் கிழக்கே கடலுக்குப் போக இந்த மண்ணைத்தான் தாண்ட வேண்டும். 2015-ல் பட்டது போதாது என்று 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி திறந்தபோது தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாடு கொஞ்சமா?

இந்த இடத்தில் மண்ணைக் கொட்டி உயரமாக ரோடு போட்டால், அது ரோடு மட்டும் அல்ல, அணையும்கூட. மதகு எங்கே வைப்பது, எத்தனை வைப்பது என்பது வரப்பில் நடக்கிறவனுக்குத் தெரியும். "இந்த ஓடையை அடைச்சா எங்க தெரு முழுகும்" என்று அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் கூட்டம் வேண்டும் என்கிறோம்.

கேட்காமல் போனால் என்ன ஆகும்? நெய்வேலி பக்கத்தில் வளையமாதேவியைப் பாருங்கள். 2023 ஜூலை 26-ந்தேதி, பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, பயிர் நின்ற வயலில் என்.எல்.சி.யின் பொக்லைன் எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுத்ததுதான் என்றது நிர்வாகம். பால் பிடிக்கிற நெல்லைப் பார்த்தவர்களுக்கு மனசு ஆறவில்லை. பிறகு ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது ஐகோர்ட்டு. அதன்பின் 'சர்வே' என்ற சொல்லைக் கேட்டாலே இந்தப் பக்கத்து விவசாயிக்குக் குலை நடுங்குகிறது. அதற்கு அவனைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

நெடுஞ்சாலைச் சட்டப்படி அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுக்கலாம். அந்த அறிவிப்பு வந்ததே பல பேருக்குத் தெரிவது இல்லை. தெரியும்போது நாள் கடந்திருக்கும்.

எனவே அதிகாரிகள் ஒன்று செய்யலாம். பைபாஸ் 5 கிலோ மீட்டரோ 50 கிலோ மீட்டரோ, வரைபடத்தைத் தமிழில் போட்டு பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டுங்கள். கிராம சபையில் வையுங்கள். எந்த ஓடை, எந்த ஏரி வாய்க்கால், எத்தனை மரம், எத்தனை வீடு என்று பட்டியல் படியுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டால் என்ன? கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே!

கல் நட்ட பிறகு பேசினால் அது சமாதானம். நடுவதற்கு முன்பு பேசினால்தான் சம்மதம்.

கலெக்டரும் நெடுஞ்சாலைத் துறையும் கவனிப்பார்களா?