புதிய பாட்டரியும் இயங்காத வண்டியும்
கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் உலோகத்திற்கு ஓய்வு இல்லை. உப்பங்கழியிலிருந்து எழும் ஈரக் காற்றும், ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவ மழையும் இரும்பையும் செம்பையும் ஈயத்தையும் ஓயாமல் அரிக்கின்றன. பஜார் சாலையின் பண்டகசாலைகளுக்கு முன் நிற்கும் சரக்கு வண்டிகளும் ஆட்டோரிக்‌ஷாக்களும் இந்த அரிப்புக்கு விலக்கல்ல. இத்தகைய ஊர்களில் வண்டியின் பாட்டரி தளர்ந்தால் புதியது பொருத்தப்படுகிறது. பொருத்திய பின் சில வேளைகளில் விளக்கு எரியாது; ஹாரன் ஒலிக்காது; எஞ்சினைக் கிளப்பும் மோட்டாரும் அசையாது. உடனே ‘புதிய பாட்டரி மோசம்’ என்றோ, ‘வண்டியின் கணினி எரிந்துவிட்டது’ என்றோ தீர்ப்புக் கூறப்படுகிறது. இரண்டும் அளந்து பாராமல் கூறும் தீர்ப்புகள். இம்முறை மாற வேண்டும்.

முதலில் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. பழைய பாட்டரி தளர்ந்திருந்த போதும் விளக்கு மங்கலாகவேனும் எரிந்தது. ஆகவே கம்பிகளும் சுவிட்சுகளும் அதுவரை மின்சாரத்தைக் கடத்தியே வந்தன. அதன்பின் மாறியவை பாட்டரியும், அதன் முனைகளைப் பற்றும் கவ்விகளும், அவற்றோடு சேர்ந்த சில கம்பிகளுமே. கை கடைசியாகப் பட்ட இடத்தையே முதலில் ஆராய வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

பாட்டரிகள் அனைத்தும் ஒரே அளவின அல்ல. தடித்த முனை உடையவற்றில் நேர்முனை ஏறத்தாழ 19.5 மில்லிமீட்டரும், எதிர்முனை 17.9 மில்லிமீட்டரும் விட்டம் கொண்டவை. ஜப்பானிய அளவுமுறையின் மெல்லிய முனைகளோ ஏறத்தாழ 14.7, 13 மில்லிமீட்டர் அளவினவே. தடித்த முனைக்கென அமைந்த கவ்வியை மெல்லிய முனையில் எவ்வளவு முடுக்கினாலும் அது உறுதியாகப் பற்றாது. மேலும், பாட்டரியின் எண்ணில் காணும் ‘எல்’, ‘ஆர்’ என்னும் எழுத்துகள் நேர்முனை எப்பக்கம் உள்ளது என்பதைக் குறிப்பவை. இதைக் கவனியாது வாங்கினால் முனைகள் இடம் மாறி அமையும். கம்பிகளைத் தலைகீழாக இணைக்கும் அபாயம் நேரும்.

அவ்வாறு தலைகீழாக இணைத்தால் நிகழ்வது யாது? ஆல்டர்னேட்டரில் உள்ள டயோடுகள் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடுபவை. துருவங்கள் மாறியதும் தடுத்து நின்ற அவையே திறந்த வழியாகி, பெரும் மின்னோட்டத்திற்கு இடம் தருகின்றன. அப்போது தலைமை ஃப்யூஸ் உருகி வண்டியைக் காக்கிறது. வண்டி முழுவதும் மின்சாரம் இழக்கிறது. உருகியதன் காரணம் தேடாமல் அவ்விடத்தில் தடித்த கம்பியைச் சுற்றுவது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும்.

முனைகள் சரியாகவே இணைந்திருக்கலாம். வோல்ட்டு மீட்டரும் 12.6 வோல்ட்டு காட்டலாம். எனினும் வண்டி உயிர்பெறாதிருக்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். மீட்டர் மிகமிகச் சிறிய மின்னோட்டத்தையே ஏற்பது. அழுக்கேறிய இணைப்பில் 100 ஓம் தடை இருப்பினும் அது முழு அழுத்தத்தையே காட்டும். அதே இணைப்பின் வழியே 5 வாட்டு விளக்கு ஒன்றை எரிக்க முயன்றால், அவ்விளக்குக்கு 3 வோல்ட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். எஞ்சியது இணைப்பிலேயே தங்கிவிடும். மின்னோட்டம் இல்லாதபோது அளந்த அழுத்தம் பாதி உண்மையே.

உப்புக் காற்று வீசும் ஊர்களில் இவ்வழுக்கு மிகுதி. முனையில் வெண்மையான ஈய சல்பேட்டும், செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பும், எர்த் கம்பி வண்டியின் உடலைத் தொடும் இடத்தில் துருவும் படிகின்றன. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மின்கலங்களையும் உலோக அரிப்பையும் ஒருங்கே ஆராய்வது பொருத்தமே. இரண்டும் ஒரே வேதியியலின் இரு முகங்கள்.

சோதனை முறை எளிது. சாவியை நிறுத்திவிட்டு, துருவக் குறிகளைக் கம்பிகளோடு ஒப்பிட வேண்டும். கவ்வியைக் கையால் திருகிப் பார்த்தல் வேண்டும், அசைந்தால் பிடிப்பில்லை. நேர்முனைக் கவ்வியில் சேர வேண்டிய சிறு கம்பி எதுவும் விடுபட்டுள்ளதா என்றும் நோக்க வேண்டும். பின்னர் முன்விளக்கின் சுவிட்சைப் போட்ட நிலையில், மீட்டரின் ஒரு முள்ளை முனையிலும் மற்றதை அதன் கவ்வியிலும் வைத்து அளக்க வேண்டும். நல்ல இணைப்பில் இவ்வளவு 0.2 வோல்ட்டைத் தாண்டாது. 12 வோல்ட்டு காட்டினால் குற்றம் அங்கேயே உள்ளது. எதிர்முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே அவ்வாறே அளந்தபின், தலைமை ஃப்யூஸின் இருபுறமும் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அபாய எச்சரிக்கை விளக்கு சாவியின்றியே எரியும். அதுவும் எரியாவிடில் கணினியைக் குறைகூறும் நேரம் இன்னும் வரவில்லை. கவ்வியைக் கழற்றுங்கால் எதிர்முனையை முதலிலும், மாட்டுங்கால் அதைக் கடைசியிலும் கையாளுதல் நன்று.

நாள் வருவாயை நம்பும் ஓட்டுநருக்கு இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்கலாம். இச்சோதனை சில நிமிடங்களில் முடிவது. தவறான தீர்ப்போ அவருடைய அன்றைய வருவாயையும், இரண்டாவது பாட்டரியின் விலையையும் கொண்டுபோகும். நல்ல பாட்டரி ஒன்று பழுதெனத் தள்ளப்படின், அதிலுள்ள ஈயமும் அமிலமும் முறையற்ற உலைகளைச் சேர்ந்து மண்ணையும் குழந்தைகளின் உடலையும் கெடுக்க நேரலாம். பயன்பட்ட பாட்டரிகளை முறையாகத் திரட்ட 2022-ஆம் ஆண்டின் கழிவு பாட்டரி மேலாண்மை விதிகள் வழிசெய்துள்ளன. எனினும் கழிவாகாததைக் கழிவாக்காமல் தடுப்பது பயிற்சி பெற்ற கையே.

ஆதலின் ஆசிரியர்கள் மின்னழுத்தத்தைக் கற்பிக்கும்போது, அழுக்கேறிய இணைப்பு ஒன்றையும் சிறு விளக்கு ஒன்றையும் மேசைமேல் வைத்து, விளக்கை எரிக்க முயலும்போதும் முயலாதபோதும் மாணவரை அளக்கச் செய்தல் வேண்டும். களப்பணியாளர் தம் வண்டியின் பாட்டரி எண்ணையும் முனை வகையையும் வண்டிக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். சோதனை விளக்கும் மீட்டரும் வண்டியின் கருவிப் பெட்டியில் இடம்பெறுதல் வேண்டும். பொருளை மாற்றுதல் எவர்க்கும் எளிது. குற்றம் இருக்கும் இடத்தை அளந்து காட்டுவதே தொழிலறிவு.