எலும்பு நொய்ந்த குழந்தையும் கேளிக்கைப் பூங்காவும்

ஹூஸ்டன் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூஜை முடிந்து பிரசாதம் வழங்கியபின், கோடை விடுமுறைச் சுற்றுலா பற்றிப் பேச்சு எழுந்தது. பேருந்து அமர்த்திக்கொண்டு சான் அன்டோனியோ சென்று, அங்குள்ள பெரிய கேளிக்கைப் பூங்காவைப் பார்த்து வருவதென்று ஏற்பாடு. சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த 9 வயதுச் சிறுமியைப் பார்த்து மூத்த அம்மையார் ஒருவர் பரிவோடு சொன்னார்: "குழந்தைக்கு எதற்கம்மா சிரமம்? பாட்டியோடு வீட்டில் இருக்கட்டுமே."

தாயார் ஒன்றும் பேசவில்லை. சிறுமிதான் கேட்டாள்: "எல்லாரும் போய்விட்டு வந்து அதைப் பற்றியே பேசுவீர்கள் மாமி. அப்போது நான் என்ன பேசுவது?"

இக்கேள்விக்கு விடை காண, அவளுடைய நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். அதன் பெயர் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா. ஏறக்குறைய 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. வீட்டுக்குத் தளம் போடும்போது சிமெண்டு மட்டும் போதாது. உள்ளே இரும்புக் கம்பியும் வேண்டும். எலும்பும் அப்படித்தான். சுண்ணாம்புச் சத்து சிமெண்டு போன்றது; கொலாஜன் என்னும் புரத நார் கம்பி போன்றது. இந்நோயில் அந்த நார் குறைவாகவோ பழுதாகவோ உருவாகிறது. ஆகவே பாலும் கேழ்வரகும் எவ்வளவு கொடுத்தாலும் நோய் தீர்ந்துவிடாது. பிஸ்பாஸ்போனேட் என்னும் வகை மருந்துகளும், கால் எலும்பினுள் செலுத்தும் உலோகக் கம்பிகளும் இன்று பெருந்துணை புரிகின்றன. ஆயினும் எலும்பு முறியவே முறியாது என்று எவரும் உறுதி கூற இயலாது.

முன்வினை என்றும், கர்ப்ப காலத்தில் தாய் செய்த தவறு என்றும் உறவினர் பேசுவதுண்டு. அதில் பொருளில்லை. பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றமே காரணம். பெற்றோர் இருவரிடமும் இல்லாத மாற்றம் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. ஒவ்வொரு முறிவுக்கும் அழுது களைத்த தாயின்மேல் பழியும் சுமத்துதல் தகாது.

இச்சிறுமிக்கு அதுவரை 7 முறை எலும்பு முறிந்திருந்தது. ஒன்று தூக்கத்தில் புரண்டபோது. இன்னொன்று நவராத்திரிக் கொலுவின்போது, மேல்படி பொம்மையைக் காட்டுவதற்காக ஒருவர் அக்குளில் கைகொடுத்து ஆசையோடு தூக்கியபோது. தூக்கியவர் வேறு யாருமல்லர். "வீட்டில் இருக்கட்டுமே" என்ற அதே மாமிதான். அன்று கேட்ட குழந்தையின் குரல் அவர் காதைவிட்டு நீங்கவில்லை. அந்த அச்சமே பரிவாகப் பேசியது.

வீட்டிலும் முறியும் எலும்பை வீட்டில் வைத்துப் பூட்டிக் காக்க முடியாது. வேண்டியது பூட்டன்று, பக்குவம். சிறுமியின் தந்தை முதலில் மருத்துவரைக் கலந்தார். முதுகெலும்பும் கழுத்தும் எந்த நிலையில் உள்ளன, எவ்வளவு குலுக்கலைத் தாங்கும் என்று கேட்டறிந்தார். நோயின் பெயர், மருந்துகள், முன் முறிவுகள் யாவும் குறித்த கடிதம் ஒன்றும் பெற்றுக்கொண்டார். இக்கடிதம் மிக முக்கியம். வெளியூர் மருத்துவமனையில் எக்ஸ்ரேயில் பல பழைய முறிவுகளைக் காணும் மருத்துவர், பெற்றோர் அடித்திருப்பாரோ என்று ஐயுறக்கூடும். அவ்வாறு ஐயுற்றால் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது அமெரிக்கச் சட்டப்படி அவர் கடமை.

பூங்காவில் ராட்டினங்களின் வாயிலில் உயரக் கோடு இருக்கும். இருக்கையின் தடுப்பு உடலுக்குப் பொருந்துமா என்பதையே அக்கோடு சொல்லும். எலும்பின் வலிமையை அது அறியாது. குலுக்கி நிறுத்தும் ரயில், மோதும் கார், காற்றடைத்த குதி மெத்தை, உயரச் சறுக்கு ஆகியவை இக்குழந்தைகளுக்கு ஆகா. தொடைமேல் இறுகும் இரும்புத் தடுப்பே போதும், எலும்பு முறிய. மெல்ல ஓடும் படகையும் ராட்டினத்தையும்கூட ஒரு முழுச் சுற்று நின்று பார்த்தபின்பே முடிவு செய்யவேண்டும். ஏற்றி இறக்குவது பெற்றோராக இருக்கட்டும். ஊழியர் கை வேண்டாம். விரல்களை அகல விரித்து, ஒரு கை தொடைக்கும் பிட்டத்துக்கும் அடியிலும், மறு கை முதுகையும் தோளையும் தாங்கியும் தூக்கவேண்டும். கையைப் பற்றி இழுத்தல் கூடவே கூடாது. இவர்களுக்கு வியர்வை மிகுதியாதலால் தண்ணீரும் நிழலும் அவசியம். பையில் சிம்பும் கட்டுத்துணியும் இருக்கட்டும். முறிந்தால் நிமிர்த்த முயலாமல், உள்ளபடியே அசையாமல் கட்டி, மருத்துவமனை செல்லவேண்டும்.

தந்தை விசாரித்ததில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. அதே சான் அன்டோனியோவில் 2010இல் திறக்கப்பட்டது மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் என்னும் பூங்கா. கார்டன் ஹார்ட்மன் என்பவர், உடற்குறையும் அறிவு வளர்ச்சிக் குறையும் உள்ள தம் மகள் மார்கனை மனத்தில் கொண்டு அமைத்தது. ஒரு விடுமுறையில் நீச்சல் குளத்தில் மகள் விளையாடச் சென்றபோது மற்றக் குழந்தைகள் விலகிப் போனதே அவரைத் தூண்டியது. அங்கே குடைராட்டினத்தில் சக்கர நாற்காலியோடு ஏறலாம். நாற்காலியும் குதிரைகளோடு மேலும் கீழும் ஆடும். ரயிலிலும் அப்படியே ஏறலாம். 2017இல் நீர்ப்பூங்காவும் சேர்ந்தது. சங்கத்தார் இதைக் கேட்டுப் பயணத்தை 2 நாளாக்கி, ஒரு நாளை அங்கே கழிப்பதென்று முடிவு செய்தனர்.

முதல் நாள் பெரிய பூங்காவில் ஒரு சிறு ரயிலைச் சிறுமி கவனமாகப் பார்த்தாள். வளைவில் அது இரண்டு முறை வெட்டி இழுத்ததும், "இது எனக்கு வேண்டாம் அப்பா" என்றாள். தன் எலும்பை அவளைவிட நன்கு அறிந்தவர் யார்? மறுநாள் குடைராட்டினத்தில் 4 முறை ஏறினாள். உடன் வந்த பிள்ளைகளும் அவளுக்காக அன்றி, தங்கள் ஆசைக்காகவே வரிசையில் நின்றார்கள்.

திரும்பும் வழியில் பேருந்தில் ஹூஸ்டன் வரும்வரை அவள் பேச்சு ஓயவில்லை. கோயில் வாசலில் பேருந்து நின்றது. தந்தை நாற்காலியை இறக்கச் சென்றிருந்தார். மாமி எழுந்து அருகில் வந்தார், கை நீட்டவில்லை. "உன்னை எப்படித் தூக்கணும், எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேட்டார். சிறுமி சொல்லிக்கொடுத்தாள்.