பாட்டு இருக்கிறது, பாடுகிறவர்?

இசைத்தட்டு விற்றால் பாடியவர் வீட்டில் உலை கொதிக்குமா? சினிமாப் பின்னணிப் பாடகர்களைக் கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்லக்கூடும். நாட்டுப்புறக் கலைஞர்களைக் கேட்டால் ஒரே விடைதான்: கொதிக்காது. ஊர்க் கொடையிலும் திருவிழாவிலும் ஐம்பது பேரோ நூறு பேரோ எதிரே உட்கார்ந்து கேட்கும் இடத்தில்தான் அவர்களுக்கு வருமானம்.

முலுண்டிலும் செம்பூரிலும் தாராவியிலும் கோவில் கொடைக்கும் பொங்கல் விழாவுக்கும் நாள் குறிக்கிற குழுவினர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். யூடியூபில் இருக்கும் வில்லுப்பாட்டைக் கைபேசி வழியாக ஒலிபெருக்கியில் போட்டுவிட்டால் செலவும் மிச்சம், கலையையும் வளர்த்தாயிற்று என்ற எண்ணம் தலைதூக்குகிறது. செலவு மிச்சம் என்பது உண்மை. கலை வளர்ந்தது என்பது உண்மையல்ல.

பெயர் வந்தது, பணம் வரவில்லை

ஒரு காலத்தில் இசைத்தட்டு என்றால் நாய்ப் படம் போட்ட கம்பெனிதான். கிராமத்துப் பாடகர் அந்த வாசலை மிதிப்பது அபூர்வம். 1970-களின் இறுதியில் ஒலிநாடா பரவத் தொடங்கி, 1980-களில் அந்தத் தனியாட்சி உடைந்தது. சிறு முதல் போட்டவர்களும் பாட்டைப் பதிவு செய்து விற்க முடிந்தது. வளைகுடாவிலிருந்து வந்த டூ-இன்-ஒன் பெட்டிகளில் கிராமியப் பாடல்கள் ஒலித்தன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவருடைய கணவரும் ஊர் ஊராகப் பாடல்களைச் சேகரித்து மேடையிலும் ஒலிநாடாவிலும் பாடிப் பரப்பினார்கள். 2018-ல் விஜயலட்சுமிக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. புஷ்பவனம் குப்புசாமி, அனிதா தம்பதியர் குரலும் கடல் கடந்து போயிற்று.

இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். பெயர் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஒரு நாள் பாடிவிட்டு, கையில் கொடுத்த தொகையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஒலிநாடா எத்தனை விற்றாலும் அதற்குப் பிறகு அவர்களுக்குப் பங்கில்லை.

பெயர் பெற்றவர்களின் நிலையும் எப்போதும் நன்றாக இருந்துவிடவில்லை. பரவை முனியம்மா 2003-ல் வந்த 'தூள்' படத்தில் பாடி நடித்துத் தமிழ் பேசும் இடமெங்கும் புகழ் பெற்றார். முதுமையில் நோயும் வறுமையும் வாட்ட, 2015-ல் அவருக்கு அரசு கைகொடுக்க வேண்டியிருந்தது. 2020-ல் காலமானார். அவர் பாட்டு இன்றும் கல்யாண மண்டபங்களில் ஒலிக்கிறது. குமரி மாவட்டத்தில் வில்லிசைக்குப் பேர்போன பூங்கனி அம்மாள் கடைசிக் காலத்தைத் தனிமையிலும் வறுமையிலும் கழித்து 2018-ல், 84-வது வயதில் மறைந்தார்.

இது தமிழர்களுக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல. தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 1939-ல் 'ம்புபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். அதற்குக் கிடைத்தது சில ஷில்லிங்குகளே. அந்த மெட்டு அமெரிக்கா போய், வேறு பெயரில் உலகப் புகழ் பெற்று, 'லயன் கிங்' திரைப்படம் வரைக்கும் வந்தது. லிண்டா 1962-ல் ஏழையாகவே இறந்தார். அவருடைய வாரிசுகளுக்கு 2006-ல்தான், வழக்காடிய பிறகு, ஓர் உடன்பாடு கிடைத்தது.

இந்தியாவில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் ராயல்டி உரிமை உறுதியாயிற்று. நல்ல சட்டம். ஆனால் தாலாட்டையும் ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் எழுதியவர் யார்? ஆசிரியர் பெயர் இல்லாத பாட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடி விற்கலாம். பரம்பரை பரம்பரையாக அதைக் காத்து வந்தவருக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

எதிரே உட்கார்ந்தால்

சரி, பதிவில் கிடைக்காதது நேரில் எப்படிக் கிடைக்கிறது? வில்லுப்பாட்டையே பார்க்கலாம். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையைத் தொடங்குகிறார். குடமும் உடுக்கையும் தாளமும் சேர்கின்றன. பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுகிறார். எதிரே கூட்டம் அசைந்தால் கதை நீளும். கூட்டம் சோர்ந்தால் ஒரு சிரிப்புக் கதை நடுவே வரும். சுடலை மாடன் கதையில் சாமி வந்து ஆடும் நேரம் என்றால், ஆட்டம் அடங்கும் வரை புலவர் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். ஒலிபெருக்கியில் ஓடும் பதிவுக்கு இது தெரியுமா? அது பாட்டுக்கு அடுத்த அடிக்குப் போய்விடும்.

பேசிய சம்பளம் போக, கூட்டத்தில் ஒருவர் எழுந்து நூறு ரூபாய் அன்பளிப்புத் தருகிறார். புலவர் அவர் பெயரையும் ஊரையும் சொல்லி வாழ்த்துகிறார். தந்தவருக்கும் பெருமை, பெற்றவருக்கும் பெருமை. இந்தப் பணம் எந்தக் கம்பெனி கணக்கு வழியாகவும் போவதில்லை.

முலுண்டில் வாழ்ந்த குரல்

முலுண்டுக்காரர்கள் இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. மராத்தியர்களிடையே ஷாஹிர் என்ற நாட்டுப்புறப் பாடகர் மரபு உண்டு. அந்த வழியில் வந்த விலாஸ் கோக்ரே, முலுண்டில் ஒரு குடிசையில் வாழ்ந்தவர். குடிசைகள் இடிக்கப்பட்டால் அதைப் பாட்டாக்கி, இடிபட்டவர்கள் நடுவிலேயே நின்று பாடுவார். கடையில் விற்ற இசைத்தட்டு அவருக்குப் புகழ் தரவில்லை. கூடி நின்று கேட்ட மக்கள் தந்தார்கள்.

1997 ஜூலை 11-ந் தேதி காட்கோபர் ரமாபாய் நகரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 10 பேர் இறந்தார்கள். அந்த வேதனையில் சில நாட்களில் கோக்ரே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குரல் இன்று கேட்கக் கிடைக்கிறது என்றால், ஆனந்த் பட்வர்தன் தம் படங்களில் அதைப் பதிவு செய்து வைத்ததுதான் காரணம். 1985-ல் வந்த 'ஹமாரா ஷஹர்' படத்திலும், பல ஆண்டு உழைப்பில் உருவான 'ஜெய் பீம் காம்ரேட்' படத்திலும் அவர் இருக்கிறார்.

ஆகவே பதிவு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. பதிவு பழைய பாட்டைக் காப்பாற்றும். ஆனால் 1997-க்குப் பிறகு இடிக்கப்பட்ட குடிசைகளைப் பற்றி கோக்ரேயிடமிருந்து ஒரு பாட்டும் வரவில்லை. புதிய பாட்டு பிறக்கப் பாடுகிறவர் உயிரோடு, உண்டு உடுத்தி, கேட்பவர் நடுவே இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

"நெல்லையிலிருந்து ஒரு குழுவைக் கூட்டி வருவது லேசா?" என்று விழாக் குழுவினர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தாதர்–திருநெல்வேலி விரைவு வண்டியில் ஒன்றரை நாள் பயணம். ஏழெட்டுப் பேருக்குப் போக வர டிக்கெட், சாப்பாடு, தங்க இடம், சம்பளம். ஒரு சிறு சங்கத்துக்கு இது பெரிய தொகைதான்.

ஆனால் முலுண்ட் தனியாகச் சுமக்க வேண்டும் என்று யார் சொன்னது? மூன்று ஊர்க் குழுக்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, அடுத்தடுத்த நாட்களில் விழா வைத்தால், ஒரே டிக்கெட் செலவில் தாராவியில் ஓர் இரவு, செம்பூரில் ஓர் இரவு, முலுண்டில் ஓர் இரவு நடத்தலாம். ஒவ்வொரு குழுவுக்கும் டிக்கெட் செலவு மூன்றில் ஒரு பங்காகும். கலைஞர்களுக்கோ ஒரு நாள் சம்பளத்துக்குப் பதில் மூன்று நாள் சம்பளம்.

பெரிய மண்டபமும் வேண்டாம். காளிதாஸ் நாட்டிய மந்திர் போன்ற அரங்கில் பத்தாவது வரிசைக்கு அப்பால் இருப்பவருக்குப் புலவரின் முகம் தெரியாது. குடியிருப்பு முற்றத்தில் ஜமுக்காளம் விரித்தால் போதும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. இதைப் பலர் தடையாக நினைக்கிறார்கள். நாட்டுப்புறக் கலைக்கு இது ஒரு வசதி. மைக் இல்லாத காலத்தில் பிறந்த கலைதானே! அறுபது பேர் நெருங்கி உட்கார்ந்தால், அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமல் கதை நடக்கும்.

இன்னும் மூன்று ஏற்பாடு வேண்டும். சம்பளத்தை முதலிலேயே பேசி, பாதியை வண்டி ஏறும் முன்பே அனுப்பிவிட வேண்டும். விழாவைக் கைபேசியில் படம் பிடித்து யூடியூபில் போடுகிறவர், பாடுகிறவரிடம் அனுமதி கேட்க வேண்டும். கலைஞர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பதிவு செய்து கொண்டுவந்தால், அதை விற்க வாசலில் ஒரு மேஜை போட்டுத் தர வேண்டும். அப்படி விற்கும் பணம் நேராகப் பாடியவர் மடியில் விழும்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் மும்பைத் தமிழர்கள். ஊர்ச் சாமியை உடன் கொண்டுவந்தார்கள். அந்தச் சாமியின் கதையைப் பாடுகிறவரை மட்டும் ஊரிலேயே விட்டுவிடலாமா? இந்த ஆண்டுக் கொடைக்கு வரவு செலவு போடும்போது, பட்டாசுக்கும் பந்தல் விளக்குக்கும் மேலே, முதல் வரியில் புலவரின் சம்பளத்தை எழுதட்டும்.